அரபி எழுத்து உடைந்தால், திரும்பினால், கட்டமானால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வளைகுடா நாடுகளில் பெயர்ப்பலகை, உணவக மெனு, விசிட்டிங் கார்டு என்று எதைத் தொட்டாலும் பாதி அரபி. அதைக் கணினியில் அமைப்பவர்களில் பலருக்கு அரபி படிக்கத் தெரியாது; நம் ஊர்க்காரர்களும் மலையாளிகளும் அதில் நிறையப் பேர். ஷார்ஜாவில் அச்சக வேலை பார்க்கும் எனக்கும் சக டிசைனர்களுக்கும் ஒரே கோளாறுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடுவது நல்லது. உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கு உரிய தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றின் கீழும் செலவில்லாத சோதனை முதலில், பணம் பிடிக்கும் வழி கடைசியில்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இரண்டு வேலைகள். வாடிக்கையாளர் அனுப்பிய மூலத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். பிறகு மூலத்தையும் உங்கள் லேஅவுட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படமாக ஒப்பிடுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் வடிவம் ஒன்றா என்று கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி: எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன

முதலில், இது கோளாறுதானா என்று பாருங்கள். அரபியின் 28 எழுத்துகளில் அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் என்ற ஆறும் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு ஒட்டுவதே இல்லை. ஆகவே சொல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பது இயல்பு. துபாய் என்று அரபியில் எழுதினால் முதல் எழுத்தான தால் தனியாகவும், அடுத்த இரண்டு எழுத்துகள் ஒட்டியும் நிற்கும். ஷார்ஜா என்ற பெயர் நான்கு துண்டாக வரும். இவற்றை ஒட்டவைக்க முயன்ற டிசைனர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

சோதனைக்கு நல்ல சொல் முஹம்மது. மீம், ஹா, மீம், தால் என்ற நான்கு எழுத்தும் முழுக்க ஒட்டி ஒரே துண்டாக வரவேண்டும். உங்கள் மென்பொருளில் அதைத் தட்டச்சு செய்து பாருங்கள். ஒரே துண்டாக வந்தால் மென்பொருளும் எழுத்துருவும் நலம். கோளாறு உங்களுக்கு வந்த உரையில் இருக்கிறது. நான்கு துண்டாக வந்தால் கீழே இறங்குங்கள்.

*எழுத்து இடைவெளி.* டிராக்கிங் மதிப்பு பூஜ்யமா? ஆங்கிலத் தலைப்புக்கு 50, 100 என்று இடைவெளி கொடுத்துவிட்டு, அதே ஸ்டைலை அரபிக்கும் போட்டால் இணைப்புக் கோடு அறுந்துவிடும். பூஜ்யமாக்கினால் தீர்ந்தது. இணையப் பக்கங்களிலும் இதே கதை: ஆங்கிலத்துக்காகப் போட்ட எழுத்து இடைவெளிக் கட்டளை அரபிக்கும் பாய்ந்திருக்கும். எழுத்துகளை விலக்கி வைப்பது அரபிக்கு அழகூட்டும் வழியே அல்ல. நீளம் வேண்டுமென்றால் கஷீதா இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

*கம்போசர்.* எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் பகுதி இது. இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால்தான், பாராகிராஃப் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' கம்போசர் தலைகாட்டும். தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கும் தொல்லைக்கும் இதே கம்போசர்தான் மருந்து என்பதால், தமிழ் வேலை செய்து பழகியவர்களுக்கு இந்த இடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் பிரிஃபரன்சஸில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' உண்டு; அதை மாற்றினால் புதிய கோப்புகளுக்கு மட்டுமே பலன். ஏற்கெனவே உள்ள லேயர்களுக்குப் பாராகிராஃப் பேனல் மெனுவில் தனியாக மாற்றவேண்டும். மாற்றிவிட்டேன், சரியாகவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத்தான் விட்டிருப்பார்கள்.

*எழுத்துரு.* தற்காலிகமாக அமீரி, நோட்டோ நஸ்க், ஏரியல் இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் உங்கள் எழுத்துருதான் குற்றவாளி. பழைய சிடிக்களிலிருந்து கைமாறி வந்த அலங்கார அரபி எழுத்துருக்கள் பல, யூனிகோடுக்கு முந்தைய சொந்த ஏற்பாட்டில் செய்யப்பட்டவை. அவற்றில் ஒட்டும் விதிகளே கிடையாது. அவற்றோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிய எழுத்துரு வாங்குவது மலிவு.

*மென்பொருளே அறியாதது.* சில எம்பிராய்டரி, வேலைப்பாட்டு இயந்திர மென்பொருள்கள் அரபியை ஒட்டவே ஒட்டாது. அங்கே போராடவேண்டாம். இல்லஸ்ட்ரேட்டரில் சரியாக அமைத்து, அவுட்லைனாக்கி (எழுத்தை வெறும் வடிவக் கோடுகளாக மாற்றி), வடிவமாக இறக்குமதி செய்யுங்கள்.

கிளை: ஒரே ஓர் இடத்தில் மட்டும் அறுந்திருக்கிறது

சொல் முழுவதும் ஒட்டி, ஓரிடத்தில் மட்டும் வெடித்திருந்தால் காரணம் வேறு. கர்சரை அந்த இடத்தில் வைத்து அம்பு விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் விசையை அழுத்தியும் கர்சர் நகராமல் நின்றால், அங்கே கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எழுத்துகளை ஒட்டவிடாமல் தடுக்கும் குறி. அரபியில் அது தவறிப்போய் வந்ததாகத்தான் இருக்கும், நீக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் ஈரானியர், உரை பாரசீகம் என்றால் கை வைக்காதீர்கள். பாரசீக எழுத்துமுறையில் அந்தக் குறி வேண்டுமென்றே போடப்படுகிறது.

குறி இல்லையென்றால், அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு எழுத்துருவிலோ வேறு தடிமனிலோ இருக்கும். சொல்லை முழுதாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஸ்டைல் கொடுங்கள்.

அறிகுறி: சொற்கள் இடவலம் திரும்பியிருக்கின்றன

படிக்கத் தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அரபிச் சொற்களில் ஏராளமானவை 'அல்' என்று தொடங்கும். அதாவது சொல்லின் வலது ஓரத்தில் இரண்டு நெட்டைக் கோடுகள், அலிஃபும் லாமும், அடுத்தடுத்து நிற்கும். ஒரு பத்தியைப் பார்த்தால் இந்த இரட்டைக் கோடு பல சொற்களின் வலது முனையில் தென்படவேண்டும். அவை இடது முனையில் குவிந்திருந்தால் உரை திரும்பிவிட்டது.

எழுத்துகள் ஒட்டாமலும் திரும்பியும் இருந்தால் அது முதல் அறிகுறியின் உடன்பிறப்பு. கம்போசரை மாற்றினால் இரண்டும் சேர்ந்து சரியாகும். வெளிநாட்டு விமான நிலையங்களிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் கேலிக்கு ஆளாகும் அரபி பெரும்பாலும் இந்த வகைதான்.

எழுத்துகள் ஒட்டியிருந்தும் வரிசை குழம்பியிருந்தால் விஷயம் கொஞ்சம் ஆழமானது. அரபி தெரியாத மென்பொருளை ஏமாற்றுவதற்காக, உரையை முன்கூட்டியே ஒட்டவைத்து, தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் உண்டு. அந்த உரையை ஒரே வரியாக வைத்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பெட்டியைச் சுருக்கி இரண்டாவது வரிக்கு மடித்த கணமே வாக்கியத்தின் கடைசிப் பகுதி மேல் வரியிலும், தொடக்கம் கீழ் வரியிலும் போய்விடும். சோதனை எளிது: பெட்டியை அகலமாக்கி ஒரே வரியாக்குங்கள், பிறகு சுருக்குங்கள். மேல் வரியில் நிற்கும் சொற்கள் முன்பு ஒரே வரியாக இருந்தபோது இடது பக்கம் இருந்தவையா? ஆம் என்றால் உரை திருப்பப்பட்டது. வரிகளைக் கையால் மேலும் கீழும் மாற்றி வைத்துச் சமாளிக்கலாம்தான். அடுத்த முறை ஒரு சொல் மாறினால் எல்லாம் மறுபடி குழம்பும். மூல உரையை வேர்டு கோப்பாகத் திரும்பக் கேளுங்கள்.

பழைய பிடிஎஃப்பிலிருந்து நகல் எடுத்த உரையும் இதே வேலையைக் காட்டும். பிடிஎஃப்பில் கண்ணுக்குச் சரியாக இருக்கும்; உள்ளே எழுத்துகள் பார்வை வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து நகல் எடுத்து ஒட்டுவதைவிட, அரபி தெரிந்தவரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்வதே மலிவு. ஒரு பக்கத்தைத் திருத்தும் நேரத்தில் இரண்டு பக்கம் தட்டச்சு முடிந்துவிடும்.

கிளை: முழுப் படமுமே கண்ணாடி பிம்பமா?

டி-ஷர்ட் ஹீட் டிரான்ஸ்ஃபர், கண்ணாடிக் கதவுக்கு உள்ளிருந்து ஒட்டும் வினைல் இவற்றை வேண்டுமென்றே திருப்பித்தான் அடிப்போம். கூடவே ஆங்கிலம் இருந்தால் சந்தேகமே வராது. தனி அரபி என்றால் சொல்லின் கடைசியில் வரும் லாமைத் தேடுங்கள். ஆங்கில ஜே எழுத்துப் போல அடியில் இடப்பக்கம் வளைந்திருந்தால் நேரானது. எல் போல வலப்பக்கம் திரும்பினால் பிம்பம்.

அறிகுறி: சொற்கள் சரி, புள்ளி, அடைப்புக்குறி, தொலைபேசி எண் இடம் மாறியிருக்கின்றன

அதிகப் பணம் வீணாவது இந்த அறிகுறியில்தான். சொற்கள் அழகாக ஒட்டி நிற்பதால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

வாக்கியத்தின் முற்றுப்புள்ளி இடது முனையில் இருக்கவேண்டும். அது வலது முனையில், வாக்கியம் தொடங்கும் இடத்தில் நின்றால், பத்தியின் திசை இடமிருந்து வலமாக இருக்கிறது என்று பொருள். எழுத்துகளின் திசையை மென்பொருள் தானே அறிந்துகொள்கிறது. பத்தியின் திசையை நாம்தான் சொல்லவேண்டும். வேர்டில் கன்ட்ரோல் விசையோடு வலப்பக்க ஷிஃப்டை அழுத்தினால் பத்தி வலமிருந்து இடமாகும். இன்டிசைனில் அதற்கான பொத்தான் பாராகிராஃப் பேனலில் இருக்கும். அப்படி எதுவும் காணோம் என்றால், நீங்கள் நிறுவியது வெறும் ஆங்கிலப் பதிப்பு. கிரியேட்டிவ் கிளவுட் செயலியின் பிரிஃபரன்சஸில் நிறுவும் மொழியை 'அரபி ஆதரவுள்ள ஆங்கிலம்' என்று மாற்றி, இன்டிசைனை மறுபடி நிறுவவேண்டும். செலவில்லை, டவுன்லோடு ஆகும் நேரம்தான்.

வலப்பக்கம் ஒழுங்கு செய்வதும் வலமிருந்து இடமாக்குவதும் ஒன்றல்ல. உரை வலப்பக்கம் சாய்ந்து நின்றாலும் திசை இன்னும் இடமிருந்து வலமாகவே இருக்கலாம். புள்ளி இடம் மாறுவது அதனால்தான்.

பத்தி ஆங்கில வணிகப் பெயரோடு தொடங்கினால் சில மென்பொருள்கள் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு, பத்தி முழுவதும் ஆங்கிலம் என்று முடிவு கட்டிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி குழம்பித் தெரிவதற்கு இது பொதுவான காரணம். திசையை நீங்களே குறிப்பிட்டுவிட்டால் சரியாகும்.

இனி எண்கள். அரபி வாக்கியத்தில் தொலைபேசி என்ற சொல்லுக்குப் பின் 04-111-2222 என்று எழுதினால், திரையில் 2222-111-04 என்று வரும். எண்களுக்குள் இலக்கங்கள் திரும்பாது. சிறுகோடு பிரித்த துண்டுகள் மட்டும் இடம் மாறும். இடைவெளி விட்டுப் பிரித்தாலும் இதே கதி. கூட்டல் குறியோடு +971 என்று எழுதினால் குறி வலப்பக்கம் ஓடி 971+ ஆகிவிடும். மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. யூனிகோடின் இருதிசை விதி அப்படித்தான் சொல்கிறது.

தேதிதான் இதில் மோசமான பொறி. சாய்கோடு போட்ட 05/03/11 அப்படியே நிற்கும். சிறுகோடு போட்ட 05-03-11 திரும்பி 11-03-05 ஆகும். அதுவும் ஒரு தேதிபோலவே தெரிவதால் பிரூஃப் பார்ப்பவர் கண்ணில் படாது. திருமண அழைப்பிதழில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

தீர்வு: அந்த எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து, கேரக்டர் பேனல் மெனுவில் எழுத்துத் திசையை இடமிருந்து வலம் என்று கொடுங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருளில் எண்ணைத் தனிப் பெட்டியில் வையுங்கள். செய்யக்கூடாதது, எண்ணின் துண்டுகளைத் தலைகீழாகத் தட்டச்சு செய்து திரையில் சரியாகத் தெரியவைப்பது. அடுத்தவர் கோப்பைத் திறந்து திசையைச் சரிசெய்யும்போது உங்கள் சாமர்த்தியம் புதிய பிழையாகும். அடைப்புக்குறிகளை மாற்றிப் போட்டுச் சமாளிப்பதும் இதே ரகம்.

அரபியின் காற்புள்ளி தலைகீழாகவும் வினாக்குறி இடவலம் மாறியும் இருக்கும். அவை சரியானவையே. 'திருத்தி' விடாதீர்கள்.

அறிகுறி: விலைப்பட்டியலில் எண்கள் மாறித் தெரிகின்றன

அரபு நாடுகளில் இரண்டு வகை இலக்கங்கள் புழங்குகின்றன. மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா போன்ற மேற்குப் பகுதியில் நாம் எழுதும் 1, 2, 3. எகிப்து, சவூதி, வளைகுடாப் பகுதியில் கிழக்கத்திய இலக்கங்களும் சேர்ந்து புழங்குகின்றன. அடோபி மென்பொருள்களில் கிழக்கத்திய வடிவத்துக்கு 'ஹிந்தி' என்று பெயர். இன்டிசைனில் கேரக்டர் பேனலின் டிஜிட்ஸ் பெட்டியில் இருக்கும். அரபி வேண்டும் என்று 'அராபிக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 1, 2, 3 வரும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கிழக்கத்திய இலக்கங்களில் நம் கண்ணை ஏமாற்றுபவை சில. வட்டமாக இருப்பது பூஜ்யம் அல்ல, 5. பூஜ்யம் வெறும் புள்ளி. நமது 7 போலத் தெரிவது 6. ஆங்கில வி போன்றது 7, அதைக் கவிழ்த்தால் 8. இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் 4, 5, 6 போன்ற சில இலக்கங்களின் வடிவம் இன்னும் கொஞ்சம் வேறு.

எண்கள் எந்த வடிவத்தில் இருந்தாலும் இடமிருந்து வலமாகவே எழுதப்படும். பலகைக்கு எந்த வடிவம் வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மெனு முழுவதும் அச்சான பிறகு வடிவம் வேறு வேண்டும் என்றால் அந்தச் செலவு யாருடையது என்ற சண்டை வரும்.

அறிகுறி: கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது ஓர் எழுத்து மட்டும் வேறு முகம் காட்டுகிறது

எல்லாமே கட்டமானால் அந்த எழுத்துருவில் அரபியே இல்லை. மாற்றுங்கள், தீர்ந்தது.

சில எழுத்து மட்டும் கட்டமானால், அல்லது சொல்லுக்கு நடுவே ஓர் எழுத்து மெலிந்தோ பருத்தோ தனித்துத் தெரிந்தால், உரை வேறு மொழி விசைப்பலகையில் தட்டச்சானது. அரபியின் காஃப், யா இரண்டும் பாரசீகத்திலும் உருதுவிலும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரிந்தாலும், யூனிகோடில் வெவ்வேறு எண் கொண்டவை. அரபிக்கு மட்டும் செய்யப்பட்ட எழுத்துரு அவற்றை அறியாது. மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். உரை அரபி என்று உறுதியானால், தேடி மாற்றும் வசதியில் அந்த எழுத்துகளை அரபி விசைப்பலகையில் தட்டிய எழுத்துகளாக மாற்றலாம். உரையே பாரசீகம் அல்லது உருது என்றால் எழுத்துருவைத்தான் மாற்றவேண்டும். பாரசீகத்தில் பே, சே, ஷே, காஃப் (g ஒலி; மேலே சொன்ன அரபி காஃப் வேறு) என்று அரபியில் இல்லாத நான்கு எழுத்துகள் கூடுதலாக உண்டு.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களின் பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகளை மறுபதிப்புச் செய்ய முயல்பவர்களுக்கு இந்தக் கட்டங்கள் பழகிப்போனவை. ட, ண, ள போன்ற தமிழ் ஒலிகளுக்கு அரபி எழுத்தில் புள்ளிகளும் வளையங்களும் சேர்த்து உருவாக்கிய எழுத்துகள் எல்லாம் கடையில் வாங்கும் எழுத்துருக்களில் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று எழுத்து என்றால் அவுட்லைனாக்கிப் புள்ளி வைத்துவிடலாம். முழு நூல் என்றால் எழுத்துரு வடிவமைப்பாளரிடம் போகாமல் முடியாது.

அறிகுறி: அரபிக்குப் பதில் குப்பை எழுத்துகள்

குறுக்குக்கோடு போட்ட ஓ, மேலே சாய்கோடு வைத்த யூ ஆகிய ஐரோப்பிய எழுத்துகள் மாறி மாறி வந்தால், உரை கெடவில்லை. யூடிஎஃப்-8 கோப்பை வேறு முறையில் திறந்திருக்கிறீர்கள். எக்செலில் திறக்கும் சிஎஸ்வி கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். கோப்பை நேராகத் திறக்காமல், டேட்டா மெனுவில் இறக்குமதி செய்யும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய விண்டோஸ் கோப்பாக இருந்தால் 1256 என்ற குறியீட்டை முயன்று பாருங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் கதை முடிந்தது. யாரோ தவறான முறையில் சேமித்து, உள்ளிருந்த எழுத்து அழிந்துவிட்டது. மீட்கும் மென்பொருள் தேடி அலையாமல் மூலத்தைக் கேளுங்கள்.

குர்ஆன் வசனங்களை இணையத்திலிருந்தோ செயலியிலிருந்தோ நகல் எடுக்கும்போது வரும் குப்பைக்குக் காரணம் தனி. மதீனாவின் மன்னர் ஃபஹ்து அச்சு வளாகம் வெளியிடும் முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) 604 பக்கங்கள் கொண்டது. அதன் கணினி வடிவங்களில் ஒன்றில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாமல் ஒட்டினால் அர்த்தமற்ற குறிகள்தாம் வரும். வசனத்தைத் தட்டச்சு செய்வதும், திரையில் தெரிகிறபடி ஒட்டுப்போடுவதும் வேண்டாம். வளாகம் இலவசமாகத் தரும் உஸ்மானி எழுத்துருவையும் அதற்குரிய உரையையும் பயன்படுத்தி, ஓர் ஆலிமிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். அவசரம் என்று வாடிக்கையாளர் சொன்னாலும் இந்தப் படியை நான் தாண்டுவதில்லை.

அறிகுறி: எழுத்து ஒட்டும் இடங்களில் கோடு தெரிகிறது; வினைல் அங்கே வெட்டுப்படுகிறது

அரபி எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் தனி வடிவம். பக்கத்து எழுத்தின் மேல் சற்று ஏறி உட்காரும்படி செய்திருப்பார்கள். கறுப்பு மையில் அடித்தால் ஒன்றும் தெரியாது. ஓரக்கோடு கொடுத்தால் ஒவ்வோர் இணைப்பிலும் குறுக்கே கோடு விழும். அவுட்லைனாக்கிய எழுத்துகளுக்குத் தனித்தனியே மங்கல் (டிரான்ஸ்பரன்சி) கொடுத்தால் இணைப்புகள் கருத்துத் தெரியும். கட்டிங் பிளாட்டர் அந்த ஏற்றத்தின் ஓரங்களையெல்லாம் வெட்டி, சொல்லைத் துண்டுகளாக்கிக் கையில் கொடுக்கும்.

ஓரக்கோட்டை எழுத்துக்குப் பின்னால் தள்ளுவது முதல் உதவி. திரை வேலைக்கு அது போதும். வெட்டும் வேலைக்கு அவுட்லைனாக்கி, பாத்ஃபைண்டரில் யுனைட் கொடுக்கவேண்டும், கோரல்டிராவில் வெல்டு. செய்துவிட்டு மீம், வாவ், ஃபா எழுத்துகளின் கண்கள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவுட்லைனாக்குவதற்கு முன் உரை உயிரோடுள்ள கோப்பைத் தனியே சேமியுங்கள்.

அக்ரிலிக், ஸ்டீல் எழுத்துப் பலகைகளில் இதற்கு அடுத்த கட்டத் தொல்லை புள்ளிகள். அடியில் ஒரு புள்ளி இருந்தால் பா, மேலே இரண்டு என்றால் தா, மூன்று என்றால் ஸா. உடல் ஒன்றுதான். வெட்டிய பிறகு புள்ளிகள் ஒரு கவரில் தனியாகப் போகும்; ஏணியில் நிற்பவர் தமக்குத் தோன்றிய இடத்தில் ஒட்டுவார். கடையின் பெயரே வேறாகிவிடும். முழு அளவில் காகிதத்தில் அச்சடித்த வார்ப்புருவைப் பலகையோடு சேர்த்து அனுப்புங்கள். காகிதத்தைச் சுவரில் ஒட்டி, அதன் மேலேயே எழுத்தும் புள்ளியும் பொருத்தட்டும்.

அறிகுறி: மேற்குறிகள் வெட்டுப்படுகின்றன, வரிகள் முட்டிக்கொள்கின்றன

வரி இடைவெளி போதவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குப் போட்ட லீடிங் அரபிக்கு, அதிலும் ஹரகத் குறிகள் (உயிரொலி காட்டும் மேல், கீழ்க் குறிகள்) உள்ள உரைக்கு, போதாது. தாராளமாக ஏற்றுங்கள். இணையத்தில் என்றால் பெட்டியின் உயரம் நிலையாகப் போடப்பட்டு, வழிவது மறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் அரபு வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்

எழுத்துப் பிழை இல்லை, திசை சரி, எண்கள் சரி. ஆனாலும் அவர் 'இது நன்றாக இல்லை' என்கிறார். காரணம் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றுதான்.

அளவு. ஆங்கிலமும் அரபியும் ஒரே பாயின்ட் அளவில் இருந்தால் அரபி சிறுத்துத் தெரியும். எண்ணைப் பார்க்காமல் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே கருமையில் தெரியும்வரை அரபியை ஏற்றுங்கள்.

போலித் தடிமன். எழுத்துருவில் போல்டு இல்லாதபோது மென்பொருள் தானாகத் தடிக்கவைக்கும். கண்கள் அடைபட்டு, புள்ளிகள் குழைந்துவிடும். உண்மையான போல்டு உள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள். 2017-இல் துபாய் அரசும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்ட துபாய் எழுத்துரு இலவசம். லைட் முதல் போல்டு வரை உண்டு. ஆங்கிலமும் அரபியும் சேர்த்தே வடிவமைத்தது. நிறுவன வேலைகளுக்கு நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். புத்தகம், கவிதை என்றால் அமீரி. கெய்ரோவின் புலாக் அச்சகத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த நஸ்க் (அரபி நூல்களின் வழக்கமான பாணி) எழுத்தை வைத்து காலித் ஹுஸ்னி செய்தது, அதுவும் இலவசம்.

சாய்வெழுத்து. அரபியில் இட்டாலிக் என்ற மரபே இல்லை. ஆங்கிலம் போல வலப்பக்கம் சாய்த்தால் எழுத்து, தான் போகும் திசைக்கு எதிராக விழுவதுபோல இருக்கும். அழுத்தம் வேண்டுமென்றால் தடிமனையோ நிறத்தையோ மாற்றுங்கள்.

இழுத்து நீட்டியது. பலகையின் அகலத்தை நிரப்ப எழுத்தைப் பக்கவாட்டில் 130 சதவீதம் இழுப்பது இங்கே பலருடைய கெட்ட பழக்கம். செங்குத்துக் கோடுகள் பருத்து, படுக்கைக் கோடுகள் மெலிந்து அவலட்சணமாகும். நீளத்துக்கு உரிய வழி கஷீதா: எழுத்துகளுக்கு நடுவே உள்ள இணைப்பை நீட்டுவது. விண்டோஸ் அரபி விசைப்பலகையில் ஷிஃப்டோடு ஜே விசை. ஆனால் கண்ட இடத்தில் நீட்டக்கூடாது. லாமுக்கும் அலிஃபுக்கும் நடுவே போட்டால் அந்தக் கூட்டெழுத்தே உடைந்துவிடும். ஒரு சொல்லில் ஓரிடம் போதும். எல்லாச் சொல்லையும் நீட்டினால் பல்வரிசை போல ஆகும். நஸ்தலீக் போன்று சரிந்து இறங்கும் பாணிகளில் இந்தத் தட்டைக் கோடு ஒட்டவே ஒட்டாது.

இத்தனையும் பார்த்த பிறகும் முகம் சுளித்தால், அவர் எதிர்பார்ப்பது எழுத்துருவை அல்ல, கையெழுத்துக் கலையை. லோகோ, நகைக்கடைப் பெயர், பள்ளிவாசல் வாயில் இவற்றுக்குக் கத்தாத் (கையெழுத்துக் கலைஞர்) ஒருவரிடம் துலுத் அல்லது தீவானி பாணியில் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து வடிவமாக்குங்கள். அந்தத் தொகையை மதிப்பீட்டில் முதலிலேயே தனி வரியாகப் போடவேண்டும்.

கிளை: பாகிஸ்தானி வாடிக்கையாளர், 'இது உருது இல்லை' என்கிறார்

எழுத்துகள் சரியாகத்தான் இருக்கும், பாணிதான் தவறு. உருது வாசகர் எதிர்பார்ப்பது நஸ்தலீக். நீங்கள் கொடுத்தது நஸ்க். நோட்டோ நஸ்தலீக் உர்து, ஜமீல் நூரி நஸ்தலீக் இவற்றில் ஒன்றை முயன்று பாருங்கள். வரி இடைவெளியை நன்றாக ஏற்றுங்கள். 1981-இல் மிர்ஸா அகமது ஜமீலின் நூரி நஸ்தலீக் கணினி வழி அச்சுக்கு வரும்வரை உருது நாளிதழ்களைக் காத்திபுகள் கையால்தான் எழுதினார்கள் என்பதை நினைத்தால், இந்தப் பாணி ஏன் மென்பொருளுக்கு அடங்க அடம்பிடிக்கிறது என்று புரியும். சென்னையிலிருந்து 1927 முதல் வரும் முஸல்மான் நாளிதழ் கணினிக் காலத்திலும் கையெழுத்தை விடாமல் இருந்தது.

அவர் இன்பேஜ் (உருது பக்க அமைப்பு மென்பொருள்) கோப்பு கொடுத்தால், பழைய பதிப்புகளின் உரை யூனிகோடு அல்ல. நேராக ஒட்டினால் குப்பைதான் வரும். மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஓர் உருதுக்காரர் படித்தாகவேண்டும். நேரம் இல்லையென்றால் இன்பேஜிலிருந்தே பிடிஎஃப் எடுத்துத் தரச்சொல்லி, படமாக வையுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்

உரை உயிரோடு உள்ள கோப்பு ஒன்று, அவுட்லைனாக்கிய கோப்பு ஒன்று. பிரூஃப் அனுப்பும்போது பிடிஎஃப்போடு ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள். வாடிக்கையாளரின் கைபேசியில் பிடிஎஃப் எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது. கடைப் பலகை என்றால் அனுமதி பெற்ற பெயரின் அரபி வடிவம் உரிமத்தில் இருக்கும். அதன் நகலை வாங்கி எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுங்கள். மருந்துச் சீட்டு, ஒப்பந்தம், எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றுக்கு அரபி படிக்கும் ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்திட்ட பிரூஃப் இல்லாமல் பிளேட் போடவேண்டாம். அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் எகிப்தியர் பார்த்துவிட்டு 'தமாம்' (சரி) என்று சொல்வது அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது. அவரும் உங்களைப் போலவே அவசரத்தில் இருக்கிறார்.